பேக்கப்பிலிருந்து வி.எம்.: பழைய சர்வரைப் புதிய இரும்பில் எழுப்புவது

காலையில் அலுவலகம் திறந்ததும் சர்வர் எழ மறுக்கிறது. மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்கிறார் பார்க்க வந்தவர். பத்து வருடத்துக்கு முந்தைய மாடல். அதே போர்டு இனி வராது, வந்தாலும் வேறொரு பழைய பெட்டியிலிருந்து கழற்றியதாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் இரவுதோறும் பேக்கப் ஓடியிருக்கிறது. இந்த அத்தியாயம் அந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குகிறது.

அதில் இருப்பதை வைத்து, வேறொரு கணினியில் ஹைப்பர்-வி மீது அதே சர்வரை மெய்நிகர் இயந்திரமாக, அதாவது வி.எம். ஆக எழுப்பப் போகிறோம். பெயரும் ஐபி முகவரியும் பயனர் கணக்குகளும் அப்படியே இருக்க வேண்டும். கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் வழக்கம்போல ஃபைலைத் திறந்து வேலையைத் தொடர வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக்கொள்வது விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2, அதனுடன் வரும் விண்டோஸ் சர்வர் பேக்கப்பால் முழுமையாக எடுத்த பேக்கப். இந்தப் பதிப்புக்கான நீட்டித்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் முடித்துவிட்டது. ஆனாலும் பழைய சம்பளப் பட்டியல் மென்பொருளும் கணக்கு மென்பொருளும் இன்னும் இதன்மேல்தான் பல சிறு நிறுவனங்களில் ஓடுகின்றன, திடீரென்று சாவதும் இந்த வயதுப் பெட்டிகள்தான். 2012, 2016 பதிப்புகளுக்கும் முறை இதுவே. வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வரின் டிஸ்க்கில் உங்கள் தரவோடு சேர்த்துச் சில எதிர்பார்ப்புகளும் பதிந்திருக்கின்றன. தன்னை எழுப்பப்போவது பயாஸா, யுஇஎஃப்ஐயா. தன் டிஸ்க் எந்தக் கன்ட்ரோலரில் தொங்கும். தன் ஐபி எந்த நெட்வொர்க் கார்டுக்கு உரியது. தன் உரிமம் எந்தப் போர்டைப் பார்த்துச் செல்லுபடியாகும். பைட்டுகளைப் பெயர்த்து வைப்பதைக் கருவி செய்துவிடும். இந்த எதிர்பார்ப்புகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, புதிய இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொடுப்பதுதான் உங்கள் வேலை. பாதியில் நின்றுபோகும் மாற்றங்களில் பெரும்பாலானவை இவற்றில் ஏதோ ஒன்றில்தான் நிற்கின்றன.

முதலில் பேக்கப்பைக் காப்பாற்றுங்கள்

இந்த நிமிடத்தில் அந்த சர்வருக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஒரு பிரதி. அதை வைத்துப் பரிசோதனை செய்யக்கூடாது.

டிஸ்க்கை வேறொரு விண்டோஸ் கணினியில் செருகினால் எக்ஸ்புளோரரில் எதுவும் தெரியாமல் போகலாம். பதற வேண்டாம். பேக்கப்புக்கென்றே ஒதுக்கிய டிஸ்க்கை விண்டோஸ் சர்வர் பேக்கப் தானே ஃபார்மேட் செய்து, டிரைவ் எழுத்து கொடுக்காமல் மறைத்து வைக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, அந்தப் பகிர்வுக்கு ஓர் எழுத்தைக் கொடுங்கள். இடையில் ‘இனிஷியலைஸ்’ செய்யட்டுமா, ‘ஃபார்மேட்’ செய்யட்டுமா என்று எந்தப் பெட்டி வந்து கேட்டாலும் ‘கேன்சல்’ மட்டும்தான்.

உள்ளே ‘விண்டோஸ் இமேஜ் பேக்கப்’ என்ற ஃபோல்டர் இருக்கும். இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதியிருக்கும். அதற்குள் சர்வரின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் தேதியும் நேரமும் போட்ட ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு வால்யூமுக்கும் ஒரு விஎச்டி கோப்பு, கூடவே ஏராளமான எக்ஸ்எம்எல் கோப்புகள். 2012 அல்லது அதற்குப் பிந்தைய சர்வர் என்றால் விஎச்டிஎக்ஸ் என்றிருக்கும். எந்தப் பெயரையும் மாற்றாதீர்கள், எந்தச் சின்னக் கோப்பையும் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். ரீஸ்டோர் செய்யும் கருவி இந்த அமைப்பை அப்படியே எதிர்பார்க்கும்.

இப்போது புதிய கணினியில் ஒரு விஎச்டிஎக்ஸ் டிஸ்க்கை உருவாக்குங்கள். தேவைக்கேற்ப வளரும் வகையாக இருக்கட்டும், அளவு 2 டிபி-க்குள் இருக்கட்டும். அதை மவுன்ட் செய்து, என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்து, பேக்கப் ஃபோல்டரை முழுதாக அதன் முதல் நிலையிலேயே நகலெடுங்கள், வேறு ஃபோல்டருக்குள் போடாதீர்கள். இந்த ஒரே வேலையால் இரண்டு பயன். உங்களுக்கு இரண்டாவது பிரதி கிடைத்துவிட்டது. அதே விஎச்டிஎக்ஸைப் பிறகு வி.எம்.-இல் இன்னொரு டிஸ்க்காகச் செருகி, அதிலிருந்தே ரீஸ்டோர் செய்துகொள்ளலாம். யுஎஸ்பி 2.0 போர்ட்டில் நொடிக்கு 30 எம்பி அளவில்தான் நகரும். 300 ஜிபி என்றால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். யுஎஸ்பி 3.0 போர்ட்டைத் தேடிச் செருகினால் ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். மேலாளர் பக்கத்தில் நின்று எப்போது முடியும் என்று கேட்கும்போது இந்தக் கணக்கு கையில் இருப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. நகலில் வந்திருப்பது கடைசி பேக்கப் மட்டுமே. முந்தைய நாள்களின் பதிப்புகள் அந்த டிஸ்க்கில் ஷேடோ காப்பிகளாக இருக்கின்றன. ஃபோல்டரை நகலெடுத்தால் அவை கூட வராது. கடைசி பேக்கப் எடுப்பதற்கு முன்பே ஏதோ கெட்டுப்போயிருந்தது, ரேன்சம்வேர் புகுந்திருந்தது என்று பிறகு தெரியவந்தால், பின்னால் போக உதவுவது அசல் டிஸ்க் ஒன்றுதான். நகல் முடிந்ததும் அதைக் கழற்றி, பெயர் எழுதி, பூட்டி வையுங்கள்.

விஎச்டியை நேரே செருகினால் என்ன?

அந்த விஎச்டி கோப்பைப் பார்த்த எல்லோருக்கும் வரும் யோசனை இது. ஹைப்பர்-வி விஎச்டியைத்தானே டிஸ்க்காகப் பயன்படுத்துகிறது, அப்படியே கொடுத்தால் பூட் ஆகிவிடாதா?

ஆகாது. பேக்கப்பில் இருக்கும் ஒவ்வொரு விஎச்டியும் ஒரு வால்யூமின் நகல். முழு டிஸ்க்கின் நகல் அதில் இல்லை. 2008 ஆர்2-வை வழக்கமான முறையில் நிறுவியிருந்தால், பூட் மேனேஜர் ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ என்ற 100 எம்பி வால்யூமில் இருக்கும், விண்டோஸ் சி: வால்யூமில் இருக்கும். இரண்டும் இரண்டு தனித்தனிக் கோப்புகளாகக் கிடக்கின்றன. சி:-யை மட்டும் கொடுத்தால் அதை எழுப்ப அங்கே ஆள் இல்லை. ‘பிசிடிபூட்’ கருவியால் பூட் கோப்புகளை அதற்குள்ளேயே எழுதி, பகிர்வை ஆக்டிவ் ஆக்கி எழுப்பிவிடலாம்தான். ஆனால் அப்படிச் செய்த கணமே பேக்கப் கோப்புக்குள் எழுதத் தொடங்கிவிடுகிறீர்கள், பிறகு அது பேக்கப்பாக இருக்காது. நகலில் மட்டும், வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யுங்கள்.

நேரே மவுன்ட் செய்வதற்கு நல்ல பயன் வேறொன்று உண்டு. ‘ரீட் ஒன்லி’ என்று டிக் செய்து மவுன்ட் செய்து உள்ளே பாருங்கள். கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர் இருக்கிறதா, கோப்புகளின் தேதி நேற்றையதா, ஷேர் ஃபோல்டர்கள் எல்லாம் வந்திருக்கின்றனவா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ரீஸ்டோருக்கு முன் இதைச் செய்யாமல் விடாதீர்கள். அவசரமாக ஓர் இன்வாய்ஸ் வேண்டுமென்று யாராவது காத்திருந்தால், அதை மட்டும் இங்கிருந்தே எடுத்துக்கொடுத்துவிடலாம்.

பயாஸா, யுஇஎஃப்ஐயா?

ஹைப்பர்-வி வி.எம். உருவாக்கும்போது தலைமுறை 1 வேண்டுமா, தலைமுறை 2 வேண்டுமா என்று கேட்கும். தலைமுறை 1 பழைய பயாஸைப் போல நடந்துகொள்ளும், ஐடிஇ கன்ட்ரோலரிலிருந்து பூட் ஆகும். தலைமுறை 2-இல் யுஇஎஃப்ஐ, பூட் ஆவது ஸ்கஸி கன்ட்ரோலரிலிருந்து. ஒருமுறை தேர்ந்தெடுத்தால் பிறகு மாற்ற முடியாது. புதியதுதானே நல்லது என்று 2-ஐ அழுத்துவதுதான் இந்த வேலையில் மிக அதிகம் நடக்கும் தவறு.

பழைய சர்வர் எதில் எழுந்ததோ அதையே கொடுக்க வேண்டும். பயாஸில் எடுத்த பேக்கப்பை யுஇஎஃப்ஐ இயந்திரத்தில் ரீஸ்டோர் செய்யப் போனால், ஃபர்ம்வேர் பொருந்தவில்லை என்று சொல்லி ரிகவரி அங்கேயே நின்றுவிடும். தலைகீழாகச் செய்தாலும் அதே கதிதான். சர்வர் செத்துப்போன நிலையில் அது எதுவாக இருந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேக்கப்பில் உள்ள மிகச் சிறிய விஎச்டியை ரீட் ஒன்லியாக மவுன்ட் செய்து, டிஸ்க் மேனேஜ்மென்டில் பாருங்கள். என்டிஎஃப்எஸ் ஆக, ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ என்ற பெயரோடு இருந்தால் பயாஸ். ஃபேட்32 ஆக இருந்து உள்ளே இஎஃப்ஐ ஃபோல்டர் இருந்தால் யுஇஎஃப்ஐ.

2008 ஆர்2-க்கு எந்தத் தலைமுறை என்ற கேள்விக்கே இடமில்லை. தலைமுறை 2-இல் ஓடக்கூடிய சர்வர் பதிப்புகள் 2012-இலிருந்துதான் தொடங்குகின்றன. நம் எடுத்துக்காட்டுக்குத் தலைமுறை 1.

வி.எம்.-ஐ அமைப்பது

மெமரியும் பிராசஸரும் பெரிய விஷயம் இல்லை. பழைய சர்வரில் இருந்த அளவைக் கொடுங்கள், புதிய கணினிக்குத் தேவையான 4 ஜிபியாவது மிச்சம் வையுங்கள். டைனமிக் மெமரியை இப்போதைக்கு அணைத்துவிடுங்கள்.

கவனம் வேண்டியது டிஸ்க்கின் அளவில். சிஸ்டம் இமேஜ் ரிகவரி, பழைய டிஸ்க் எவ்வளவு பெரியதோ குறைந்தது அந்த அளவு டிஸ்க்கை எதிர்பார்க்கும். உள்ளே தரவு 80 ஜிபிதான் இருந்தாலும், அது 1 டிபி டிஸ்க்கில் இருந்ததென்றால் 1 டிபி வேண்டும். ஒரு ஜிபி குறைந்தாலும் ‘டிஸ்க் மிகச் சிறியது’ என்று திருப்பி அனுப்பிவிடும். தேவைக்கேற்ப வளரும் விஎச்டிஎக்ஸ் இங்கேதான் கைகொடுக்கிறது. அளவை 1000 ஜிபி என்று தாராளமாகச் சொல்லலாம், உண்மையில் டிஸ்க்கில் பிடிப்பது எழுதிய அளவு மட்டுமே. ஆனால் புதிய கணினியின் டிஸ்க்கில் காலி இடம் தீர்ந்தால் வி.எம். அப்படியே உறைந்து நிற்கும். ஆகவே அந்தக் காலி இடத்தின்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

பழைய சர்வரில் இரண்டு டிஸ்க்குகள் தெரிந்தனவென்றால் இரண்டு விஎச்டிஎக்ஸ் கொடுங்கள். ரெய்டு கார்டுக்குப் பின்னால் நான்கு டிஸ்க்குகள் இருந்து, விண்டோஸுக்கு ஒன்றாகத் தெரிந்தது என்றால் ஒன்றே போதும். விண்டோஸ் கண்ட எண்ணிக்கைதான் கணக்கு.

தலைமுறை 1-இல் இரண்டு ஐடிஇ கன்ட்ரோலர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு இடங்கள். கன்ட்ரோலர் 0-இன் முதல் இடத்தில் காலி பூட் டிஸ்க். இரண்டாவது இடத்தில் பேக்கப்பை வைத்திருக்கும் விஎச்டிஎக்ஸ். கன்ட்ரோலர் 1-இல் 2008 ஆர்2 நிறுவல் டிவிடியின் ஐஎஸ்ஓ. அதே பதிப்பின் ஐஎஸ்ஓவையே பயன்படுத்துங்கள்.

நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ வகை ஸ்விட்சில் இணையுங்கள், அல்லது எதிலும் இணைக்காமல் விட்டுவிடுங்கள். எழுந்தவுடன் இந்த இயந்திரம் அலுவலக நெட்வொர்க்கைத் தொடக்கூடாது. பழைய பெட்டி செத்துவிட்டதே, யாரோடு மோதப்போகிறது என்று நினைக்கலாம். அதன் ஐபியைத் தற்காலிகமாக வேறு யாராவது ஒரு கணினிக்குக் கொடுத்திருக்கலாம். எழுந்த சர்வர் நிலுவையில் இருந்த மின்னஞ்சல்களை அனுப்பத் தொடங்கலாம், திட்டமிட்ட வேலைகளை ஓட்டலாம். முழுதும் சரிபார்த்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

ரீஸ்டோர்

டிவிடியிலிருந்து பூட் செய்து, மொழியைத் தேர்ந்தெடுத்த பின் ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’, அடுத்து ‘சிஸ்டம் இமேஜ் ரிகவரி’. பேக்கப் டிஸ்க் சரியாக இருந்தால் கடைசி இமேஜைத் தானே கண்டுபிடித்து, சர்வரின் பெயரோடும் தேதியோடும் காட்டும். இமேஜ் எதுவும் கிடைக்கவில்லை என்று சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபோல்டரின் இடத்தை. நகலெடுத்தபோது அது வேறொரு ஃபோல்டருக்குள் போயிருக்கும்.

‘ஃபார்மேட் அண்டு ரீபார்ட்டிஷன் டிஸ்க்ஸ்’ தேர்வை இட்டு, ‘எக்ஸ்க்ளூட் டிஸ்க்ஸ்’ பட்டனை அழுத்திப் பேக்கப் டிஸ்க் அழிக்கும் பட்டியலில் இல்லை என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கருவி தானே அதைத் தவிர்க்கும். இருந்தாலும் பாருங்கள்.

நீலத்திரை

ரீஸ்டோர் முடிந்து முதல் பூட்டில் விண்டோஸ் சின்னம் ஒரு கணம் தெரிந்து, நீலத்திரை மின்னி மறைந்து, மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகிறதா? எஃப்8 அழுத்தி, தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் தேர்வைப் போட்டால் திரை நிற்கும். ஸ்டாப் எண் 7பி என்று முடிந்தால் நோய் தெரிந்துவிட்டது. விண்டோஸ் தன் கெர்னலை ஏற்றிக்கொண்டது, ஆனால் தான் இருக்கும் டிஸ்க்கையே அதனால் தொட முடியவில்லை.

காரணம் இதுதான். பூட்டின் முதல் கட்டத்தில் டிஸ்க்கைப் படித்துக்கொடுப்பது ஃபர்ம்வேர். அடுத்த கட்டத்தில் விண்டோஸ் தன் சொந்த ஸ்டோரேஜ் டிரைவருக்கு மாறுகிறது. பழைய சர்வரில் அது ரெய்டு கார்டின் டிரைவர். ஐடிஇ டிரைவர் அங்கே தேவைப்படாததால், பூட்டின்போது ஏற்ற வேண்டாம் என்று ரிஜிஸ்ட்ரியில் குறித்து வைத்திருக்கும். டிரைவர் கோப்பு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, கூப்பிடத்தான் ஆள் இல்லை. ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

மறுபடி டிவிடியிலிருந்து பூட் செய்து, கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ரிஜிஸ்ட்ரி எடிட்டரை ஓட்டுங்கள். ‘எச்கீ லோக்கல் மெஷின்’ மீது நின்று, ஃபைல் மெனுவில் ‘லோட் ஹைவ்’. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக், அதற்குள் ‘சிஸ்டம்’ என்ற கோப்பு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரிகவரி சூழலில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறும். 100 எம்பி பகிர்வு சி: என்றும், உங்கள் விண்டோஸ் டி: என்றும் தெரியலாம். கவனிக்காமல் ரிகவரி சூழலின் சொந்த ரிஜிஸ்ட்ரியை, அதாவது எக்ஸ்: டிரைவில் இருப்பதைத் திருத்திவிட்டு, ஏன் எதுவும் மாறவில்லை என்று மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு.

ஹைவுக்கு ‘பழையது’ என்பதுபோல ஏதாவது பெயர் கொடுங்கள். உள்ளே ‘செலக்ட்’ என்ற கீயில் ‘கரன்ட்’ மதிப்பைப் பாருங்கள். 1 என்றால் கன்ட்ரோல்செட்001-க்குப் போங்கள். அதில் சர்வீசஸ், அதில் ‘இன்டெல்ஐடிஇ’. வலப்பக்கம் ‘ஸ்டார்ட்’ என்பதன் மதிப்பு 3 என்றிருந்தால் 0 ஆக்குங்கள். பூட்டின்போதே ஏற்று என்பதற்கு 0, தேவைப்படும்போது ஏற்று என்பதற்கு 3. ‘அடாபி’, ‘பிசிஐஐடிஇ’ இரண்டையும் அதேபோல 0 ஆக்கிவிடுங்கள். ஹைவை ‘அன்லோட்’ செய்துவிட்டு ரீஸ்டார்ட். 2012-இலிருந்து சில டிரைவர் கீகளுக்குள் ‘ஸ்டார்ட் ஓவர்ரைடு’ என்ற துணைக் கீ ஒன்றும் இருக்கும். அங்கேயும் 3 இருந்தால் 0 ஆக்காமல் விட்டால் பயன் இல்லை.

கேவிஎம் மீதோ, அதன்மேல் கட்டிய பிராக்ஸ்மாக்ஸ் மீதோ எழுப்புகிறவர்களுக்கும் நோய் இதுவே, மருந்து சற்று வேறு. அங்கே வேகமான டிஸ்க் வகை விர்ட்ஐஓ. அதன் டிரைவர் விண்டோஸில் இல்லவே இல்லை. முதலில் ஐடிஇ அல்லது சாட்டா வகையில் எழுப்புங்கள். எழுந்தபின் 1 ஜிபி அளவில் ஒரு சின்ன டிஸ்க்கை விர்ட்ஐஓ வகையில் கூடுதலாகச் செருகி, அதற்கான டிரைவரை விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவிலிருந்து நிறுவுங்கள். விண்டோஸ் அந்த டிரைவரை அறிந்துகொண்ட பிறகு, அணைத்துவிட்டு பூட் டிஸ்க்கையும் விர்ட்ஐஓவுக்கு மாற்றலாம்.

எழுந்த பிறகு

உள்ளே நுழைந்ததும் விண்டோஸ் புதிய சாதனங்களுக்கு டிரைவர்களைப் போட்டுக்கொண்டே இருக்கும். முடியட்டும், ரீஸ்டார்ட் கேட்டால் கொடுங்கள். பிறகு பழைய இரும்புக்கு உரிய மென்பொருள்களை நீக்குங்கள்: ரெய்டு கண்காணிப்பு, சர்வர் தயாரிப்பாளரின் மேலாண்மை ஏஜென்ட்கள், நெட்வொர்க் கார்டு டீமிங், யுபிஎஸ் மென்பொருள். இல்லாத சாதனத்தைத் தேடிக்கொண்டே இருக்கும் சர்வீஸ் ஒன்று, காரணம் புரியாத தாமதத்தைப் பல மாதங்களுக்குத் தரும்.

அடுத்து ஐபி. பழைய நிலையான முகவரியைப் புதிய நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்தால், அது வேறொரு அடாப்டருக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டுள்ளது என்று எச்சரிக்கை வரும். இல்லாத பழைய கார்டு ரிஜிஸ்ட்ரியில் இன்னும் வாழ்கிறது. 2008 ஆர்2-வில் அதைப் பார்க்க, கமாண்ட் பிராம்ப்டில் ‘டெவ்எம்ஜிஆர் ஷோ நான்பிரசென்ட் டிவைசஸ்’ என்ற மாறியை, சொற்களுக்கிடையே அடிக்கோடு இட்டு, 1 என அமைத்து, அதே ஜன்னலிலிருந்தே டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்ல வேண்டும். மங்கலாகத் தெரியும் பழைய கார்டை ‘அன்இன்ஸ்டால்’ செய்தால் ஐபி விடுபடும். 2012 முதல் இந்த மாறி தேவையில்லை, மெனுவே போதும்.

உரிமங்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். சர்வரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் விண்டோஸ், அந்தத் தயாரிப்பாளரின் பயாஸில் இருக்கும் அடையாளத்தைப் பார்த்துத் தன்னைச் செயல்படுத்திக்கொண்டது. வி.எம்.-இல் அந்த அடையாளம் கிடையாது, அந்த உரிமத்தை இன்னோர் இரும்புக்கு மாற்றவும் அனுமதி இல்லை. புதிய கணினிக்கு ஒரு விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு உரிமம் முறையாக வாங்கினால், அதன் மேல் இரண்டு விண்டோஸ் சர்வர் வி.எம்.-களை ஓட்டும் உரிமை கிடைக்கும், பழைய பதிப்பை ஓட்டவும் அதில் இடம் உண்டு. இந்தச் செலவை முதல் நாளே நிர்வாகத்திடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

டேலி இருந்தால், கணினி மாறியதும் உரிமத்தை மறுபடி செயல்படுத்த வேண்டியிருக்கும். உரிமம் கிடைக்காதபோது அது எஜுகேஷனல் முறையில் திறக்கும், டேட்டா அப்படியே இருக்கும். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. சீரியல் எண்ணையும் பதிவு செய்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள். அந்த மின்னஞ்சல், வேலையை விட்டுப் போன ஒருவருடையதாக இருப்பது அடிக்கடி நடக்கிறது.

டாங்கிள் வைத்து ஓடும் மென்பொருள் இருந்தால் ஹைப்பர்-வியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டும். யுஎஸ்பி டாங்கிளை நேரே வி.எம்.-க்குள் கொடுக்க ஹைப்பர்-வியில் வழியில்லை. விஎம்வேரிலும் கேவிஎம்மிலும் உண்டு. இல்லையென்றால் யுஎஸ்பியை நெட்வொர்க் வழியே கொண்டுசெல்லும் தனிக் கருவி வாங்க வேண்டும்.

டேட்டாபேஸ் இருந்தால் அதற்குரிய சரிபார்ப்பை ஓட்டுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் அது ‘டிபிசிசி செக்டிபி’. பிழையில்லை என்று வந்த பிறகே கணக்குப் பிரிவைக் கூப்பிடுங்கள்.

சர்வர் ஒரு டொமைனின் உறுப்பினராக இருந்தால் இன்னொன்றைச் சந்திக்கலாம். உறுப்பினர் கணினிகள் டொமைனோடு வைத்திருக்கும் கடவுச்சொல் 30 நாளுக்கு ஒருமுறை தானே மாறும். பழைய பேக்கப்பிலிருந்து எழுந்த சர்வரிடம் பழைய கடவுச்சொல் இருக்கும், டொமைன் உறவு முறிந்துவிட்டது என்று லாகின் மறுக்கும். லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் தெரிந்திருந்தால் உள்ளே போய்ச் சரிசெய்துவிடலாம். தெரியாவிட்டால் பெரும் சிக்கல். எல்லாம் நன்றாக ஓடும்போதே அதை எழுதி ஒரு பாதுகாப்பான இடத்தில் வையுங்கள்.

டொமைன் கன்ட்ரோலர் என்றால்

இங்கே வேகத்தைக் குறையுங்கள். அலுவலகத்தில் இன்னொரு டொமைன் கன்ட்ரோலர் உயிரோடு இருந்தால், செத்ததை வி.எம். ஆக எழுப்பாதீர்கள். எஞ்சியதில் பொறுப்புகளைக் கைப்பற்றி, செத்ததன் பதிவுகளை ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து துடைத்து, புதிதாக ஒன்றை நிறுவிச் சேர்ப்பதுதான் சுத்தமான வழி. சாதாரண டிஸ்க் குளோனைக் கொண்டு பழைய நிலைக்குத் திரும்பிய கன்ட்ரோலர், மற்றவற்றோடு தன் மாற்ற எண்கள் பொருந்தாமல், வெளியே எதுவும் தெரியாதபடி ஒத்திசைவை இழக்கும். பயனர் ஒருவர் மாற்றிய கடவுச்சொல் ஓர் இடத்தில் வேலை செய்து, இன்னோர் இடத்தில் மறுக்கப்படும்போதுதான் யாராவது கவனிப்பார்கள்.

அந்த ஒன்றுதான் இருக்கிறது என்றால் விண்டோஸ் சர்வர் பேக்கப்பிலிருந்து எழுப்பலாம். எழுந்ததும் ‘சிஸ்வால்’, ‘நெட்லாகான்’ ஷேர்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் சிஸ்வாலை அதிகாரபூர்வப் பிரதியாக அறிவிக்க வேண்டியிருக்கும்.

பேக்கப் வேறு வகையாக இருந்தால்

வீம், அக்ரோனிஸ் போன்றவற்றால் எடுத்த பேக்கப்பென்றால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். பேக்கப்பை மெய்நிகர் டிஸ்க்காக ஏற்றுமதி செய்யவோ, நேரே வி.எம். ஆக எழுப்பவோ அவற்றிலேயே வழி இருக்கிறது. ஃபர்ம்வேர், உரிமம், ஐபி, டொமைன் பற்றி மேலே சொன்னவை அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

சர்வர் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் நம்பிக்கை இல்லை என்ற நிலையில் பேக்கப்புக்கே போக வேண்டாம். சிஸ்இன்டர்னல்ஸின் ‘டிஸ்க்2விஎச்டி’ ஓடிக்கொண்டிருக்கும் சர்வரையே விஎச்டிஎக்ஸ் ஆக எடுத்துக்கொடுக்கும். வெளியீட்டுக் கோப்பை அதே டிஸ்க்கில் எழுதாமல் வெளி டிஸ்க்கில் எழுதச் சொல்லுங்கள். எல்லாப் பகிர்வுகளையும் டிக் செய்யுங்கள். எழுத்தில்லாத சின்னப் பகிர்வை விட்டால் பூட் ஆகாது.

லினக்ஸ் சர்வர்கள் இந்த மாற்றத்தை எளிதாகத் தாங்கும். க்ளோனசில்லா இமேஜ் இருந்தால், வி.எம்.-ஐ க்ளோனசில்லா ஐஎஸ்ஓவிலிருந்து எழுப்பி ரீஸ்டோர் செய்யலாம். முழு டிஸ்க்கின் ரா இமேஜ் இருந்தால் ‘கியூஎமு இமேஜ்’ கருவி அதை விஎச்டிஎக்ஸ் ஆகவோ க்யூகவ்2 ஆகவோ மாற்றித்தரும். நின்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். எஃப்எஸ்டேபில் டிஸ்க் ‘எஸ்டிஏ1’ போன்ற பெயரில் குறிக்கப்பட்டிருந்தால் யுயுஐடிக்கு மாற்றுங்கள். இனிட்ராம்எஃப்எஸ்-இல் புதிய டிஸ்க் டிரைவர் இருக்க வேண்டும். ரெட் ஹாட் குடும்பத்தில் 7-ஆம் பதிப்பு முதல் டிராகட் அந்த இரும்புக்கு வேண்டியதை மட்டுமே சேர்ப்பதால், மீட்பு முறையில் எழுப்பி ‘நோ ஹோஸ்ட்ஒன்லி’ என்று சொல்லி மறுபடி கட்டுங்கள். நெட்வொர்க் கார்டின் பெயரும் மாறியிருக்கும். பிராக்ஸ்மாக்ஸில் ‘இஎன்எஸ்18’ என்று வருவது வழக்கம். பழைய பெயருக்கு எழுதிய அமைப்பு அப்படியே கிடக்கும், ஐபி வராது.

மாற்றும் நாள்

கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரை அழைத்து, ஹைப்பர்-வி திரையிலேயே அவருடைய மென்பொருளைத் திறந்து கடைசிப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். பேக்கப் எடுத்த நேரத்துக்கும் சர்வர் நின்ற நேரத்துக்கும் இடையில் போட்ட பில்கள் இதில் இருக்காது. எந்த பில்லிலிருந்து மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்பதை அவர் தாளில் குறித்துக்கொள்ளட்டும். இதைச் சொல்லாமல் விட்டால், ஒரே எண்ணில் இரண்டு இன்வாய்ஸ்கள் வெளியே போய்விடும்.

பிறகு வி.எம்.-ஐ அணைத்து, பேக்கப் விஎச்டிஎக்ஸையும் ஐஎஸ்ஓவையும் கழற்றிவிட்டு, நெட்வொர்க்கை ‘எக்ஸ்டர்னல்’ ஸ்விட்சுக்கு மாற்றி எழுப்புங்கள். பழைய பெட்டியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி எடுத்துவிடுங்கள். யாராவது ஒரு நாள் அதைத் திருத்தி ஆன் செய்து பார்ப்பார்கள். ரௌட்டரில் இந்த முகவரிக்கு இணையத்தை மூடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயங்குதளம் உள் நெட்வொர்க்கில் மட்டும் இருக்கட்டும், ரிமோட் டெஸ்க்டாப்பை வெளியே திறந்து வைக்கவே கூடாது.

வேலையின்போது செக்பாயின்ட் எடுத்திருந்தால் இப்போது நீக்குங்கள். அது இருக்கும்வரை புதிய எழுத்துகள் எல்லாம் தனிக் கோப்பில் சேர்ந்து, டிஸ்க்கை நிரப்பும். அன்று இரவே வி.எம்.-க்குப் புதிய பேக்கப் ஓடட்டும், இந்த முறை ஹைப்பர்-வி கணினியின் பக்கத்திலிருந்து முழு வி.எம். ஆக. மறுநாள் காலை அந்தப் பேக்கப்பை வேறு பெயரில், பிரைவேட் ஸ்விட்சில் ஒருமுறை ரீஸ்டோர் செய்து லாகின் திரை வரை எழுப்பிப் பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள். பழைய யுஎஸ்பி டிஸ்க்கையும் செத்த சர்வரின் ஹார்ட் டிஸ்க்குகளையும், ரெய்டில் எது எந்த இடத்தில் இருந்தது என்று எண் எழுதி, அந்த நிதியாண்டின் தணிக்கை முடியும்வரை வைத்திருங்கள்.